கருவிக்கு இரண்டாவது ஆள்

பழைய நூல்களை எழுத்தாக்கி வைக்கும் இணைய நூலகமான விக்கிமூலத்தில் தமிழ்ப் புத்தகம் ஒன்றை மெய்ப்பு பார்ப்பவர், படமாக இருக்கும் பக்கத்தைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்துகிறார். சில நொடிகளில் அச்சிட்ட வரிகள் திருத்தக்கூடிய எழுத்தாக மாறிப் பெட்டிக்குள் வந்து விழுகின்றன. பிழைகளைத் திருத்திச் சேமித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஏதோ ஒரு சர்வரில் யாரோ எழுதிய நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு வருவதில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை, பொத்தான் வேலை செய்யும் வரை.

அது நின்றுபோன காலமும் உண்டு. பல மொழி விக்கிமூலங்கள் நம்பியிருந்த எழுத்துணரிக் கருவியை ஒரே ஒரு தன்னார்வலர் எழுதி நடத்தி வந்தார். அவர் ஒதுங்கிய பிறகு பழுது பார்க்க ஆளில்லாமல் போனது. 2020ஆம் ஆண்டுக்கான சமூக விருப்பக் கணக்கெடுப்பில் விக்கிமூலத்தார் கேட்டவற்றில் புதிய எழுத்துணரியும் ஒன்று. விக்கிப்பீடியா, விக்கிமூலம் போன்ற தளங்களை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் சம்பளம் பெறும் குழு அதைக் கையில் எடுத்து 2021இல் இன்றுள்ள கருவியைத் தந்தது. நல்ல முடிவுதான். ஆனால் அப்படிப்பட்ட குழு வந்து தூக்கி நிறுத்தும் பேறு எல்லாக் கருவிகளுக்கும் கிடைப்பதில்லை. ஆயிரக்கணக்கான கருவிகள் இன்றும் ஓரிருவரின் ஓய்வு நேரத்தை நம்பியே நிற்கின்றன. அவற்றுக்கு ஆள் சேர்ப்பது ஏன் இவ்வளவு கடினம், எந்த ஏற்பாடு இருந்தால் அது எளிதாகும் என்பதை விக்கிமீடியாவின் பொதுச் சர்வரை வைத்தே பார்க்கலாம். இருபது ஆண்டுக்கால அனுபவம் அங்கே திறந்த ஆவணமாகக் கிடைக்கிறது.

அந்தப் பொதுச் சர்வரின் பெயர் டூல்ஃபோர்ஜ். விக்கிப்பீடியாவின் மைய மென்பொருள் செய்யாத வேலைகளை இங்குள்ள கருவிகள் செய்கின்றன. ஒரு பகுப்பில் படமில்லாத கட்டுரைகள் எவை என்று தேடித் தரும் கருவி, ஒரு கட்டுரையை எத்தனை பேர் படித்தார்கள் என்று காட்டும் கருவி, வேறு தளத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்ட பத்தியைக் கண்டுபிடிக்கும் கருவி, தகவல்களைத் தரவாகச் சேமிக்கும் விக்கித்தரவுத் தளத்தில் ஆயிரம் பதிவுகளை ஒரே மூச்சில் சேர்க்கும் கருவி என்று அது நீளும். கணக்குத் தொடங்கிய எவரும் தன் கருவியை இங்கே இலவசமாக ஓட்டலாம். எந்திரத்தையும், விக்கித் தளங்களின் தரவுத்தளப் பிரதிகளையும் அறக்கட்டளை தருகிறது. அந்தப் பிரதிகளிலிருந்து தனிப்பட்ட விவரங்கள் முன்பே நீக்கப்பட்டிருக்கும். நிரலை எழுதுவதும் அதை உயிரோடு வைத்திருப்பதும் தன்னார்வலரின் பொறுப்பு.

எழுதுவது ஒரு முறை நடப்பது. உயிரோடு வைத்திருப்பதுதான் முடிவில்லாத வேலை. நிரலை யாரும் தொடாவிட்டாலும் அதைச் சுற்றியுள்ள உலகம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2019 வாக்கில் விக்கியின் தரவுத்தளத்தில் திருத்தம் செய்தவர் பெயரும் திருத்தச் சுருக்கமும் தனி அட்டவணைகளுக்கு மாற்றப்பட்டன. மாற்றம் சரியானதுதான். ஆனால் பழைய அட்டவணையில் அந்தப் பெயரைத் தேடிய ஒவ்வொரு கருவியும், இல்லாத நெடுவரிசையைக் கேட்டுப் பிழைச் செய்தி தந்தது. அடுத்து, பல பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் துணுக்குகளான வார்ப்புருக்களின் இணைப்பு அட்டவணை மாறியது. இயங்குதளத்தின் புதிய பதிப்பு வந்தால் பைத்தான், பிஎச்பி ஆகிய நிரல்மொழிகளின் பழைய பதிப்புகள் போய்விடும். எவரும் தவறு செய்யாமலே கருவிகள் இப்படி உடைகின்றன.

இவற்றில் பெரிய சோதனை கிரிட் எஞ்சினை நிறுத்தியபோது வந்தது. கருவிகளின் பின்னணி வேலைகளை எந்திரங்களுக்குப் பகிர்ந்தளித்துவந்த பழைய மென்பொருள் அது. அதை உருவாக்கியவர்கள் கைவிட்டுப் பல காலம் ஆகியிருந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டதால் அதை வைத்திருப்பதே ஆபத்து என்ற நிலை. எல்லாக் கருவிகளும் குபர்நெட்டீஸ் என்ற புதிய ஏற்பாட்டுக்கு மாற வேண்டும் என்று நீண்ட முன்னறிவிப்பு கொடுத்தார்கள். கருவிக்கு ஒன்றாகப் பணிச்சீட்டு திறந்தார்கள், அஞ்சல் அனுப்பினார்கள், உதவி தேவையென்றால் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். 2024 மார்ச்சில் கிரிட் எஞ்சின் நிறுத்தப்பட்டது. பதில் சொல்ல ஆளிருந்த கருவிகள் பிழைத்தன. மாற்ற வேண்டியது பல கருவிகளில் சில வரிகள்தான். அந்தச் சில வரிகளை எழுத ஒருவர் இல்லாத கருவிகள் நின்றுபோயின.

இந்த இடத்தில்தான் ஆள் தேடும் அறிவிப்புகள் கிளம்புகின்றன. கருவி நின்று, பயன்படுத்தியவர்கள் தவித்து, எழுதியவருக்கு அனுப்பிய அஞ்சலுக்கும் பதில் வராத பிறகு, 'யாராவது இதை ஏற்று நடத்த முன்வருவீர்களா?' என்று ஒரு வேண்டுகோள் எழுகிறது. என் கருத்தில் பிழை இந்த நேரத் தேர்விலேயே இருக்கிறது. முதல் ஆள் போன பிறகு வருபவருக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. கடவுச்சொல் எங்கே இருக்கிறது, இந்த வரி ஏன் இப்படி எழுதப்பட்டது, இரவு இரண்டு மணிக்கு ஓடும் அந்த வேலையை நிறுத்தினால் எது கெடும் என்று கேட்கவும் எவருமில்லை. இரண்டாவது ஆளை, முதல் ஆள் இருக்கும்போதே தேட வேண்டும். அவர் வந்து வேலையைத் தொடும்படி கருவியின் வீட்டை ஒழுங்குபடுத்தியும் வைக்க வேண்டும். பெரும்பாலான கருவிகள் இரண்டையும் செய்வதில்லை.

இந்தப் பாடத்தை விக்கிமீடியா சமூகம் ஒருமுறை பட்டே கற்றது. டூல்ஃபோர்ஜுக்கு முன்னால் டூல்சர்வர் இருந்தது. விக்கிமீடியாவின் ஜெர்மானியக் கிளை 2005 முதல் 2014 வரை அதை நடத்தியது. அங்கே ஒவ்வொரு தன்னார்வலருக்கும் ஒரு கணக்கு, அந்தக் கணக்குக்குள் அவருடைய கருவிகள். முகவரியிலேயே அவர் பெயர் இருக்கும். பார்ப்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். எழுதியவரின் வீட்டில்தானே கருவி இருக்க வேண்டும்? ஆனால் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. புதுப்பிக்காவிட்டால் கணக்கு காலாவதியாகும், உள்ளே இருந்த கருவிகளும் அதோடு முடங்கும். தேர்வு, வேலை மாற்றம், பிறந்த குழந்தை என்று எதுவோ ஒன்று ஒருவரை ஆறு மாதம் இழுத்துக்கொண்டால், நூற்றுக்கணக்கானவர்கள் பயன்படுத்திய கருவி மறைந்துபோகும். பல பேர் சேர்ந்து பராமரிக்கும் பொதுத் திட்டக் கணக்குகளும் அங்கே இருந்தன. அவற்றைத் தேர்ந்தெடுப்பது எழுதியவர் விருப்பம் என்பதால் பெரும்பாலோர் தனி வீட்டிலேயே இருந்தார்கள்.

2013இல் புதிய சர்வர் ஏற்பாடு தொடங்கியபோது இதை அடியோடு மாற்றினார்கள். (2017இல்தான் டூல்ஃபோர்ஜ் என்று பெயர் மாறியது.) இங்கே கருவிக்கே ஒரு கணக்கு. மனிதர் தன் சொந்தச் சாவியோடு உள்ளே வருகிறார், ஒரு கட்டளை கொடுத்து அந்தக் கருவியாக மாறுகிறார், வேலையை முடித்து வெளியேறுகிறார். கோப்புகள் எல்லாம் கருவியின் பெயரில் இருக்கின்றன, எவருடைய பெயரிலும் இல்லை. இரண்டாவது பராமரிப்பாளரைச் சேர்க்க முதலாமவர் ஒரு பக்கத்தில் அவர் பெயரைச் சேர்த்தால் போதும்; யாருடைய கடவுச்சொல்லையும் யாருக்கும் தர வேண்டாம். ஆள் சேர்ப்பைப் பற்றிப் பேசும்போது நாம் அறிவிப்பையும் வேண்டுகோளையும்தான் நினைக்கிறோம். இந்தச் சிறிய கணக்கு ஏற்பாடு நூறு வேண்டுகோள்களைவிட அதிகம் உதவியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அடுத்தது உரிமம். டூல்ஃபோர்ஜில் ஓடும் நிரல் கட்டற்ற உரிமத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. இது கொள்கைக்காக மட்டும் வைத்த விதி அல்ல. எழுதியவர் காணாமல் போனால், அவருடைய நிரலைத் திருத்தி ஓட்டும் உரிமை மற்றவர்களுக்குச் சட்டப்படி இருந்தால்தான் கருவிக்கு மறுவாழ்வு உண்டு. அந்த மறுவாழ்வுக்கு முறையான வழியும் இருக்கிறது. கைவிடப்பட்ட கருவி ஒன்றை ஏற்க விரும்புகிறவர் பழைய பராமரிப்பாளருக்குத் தகவல் தந்து, குறித்த காலம் காத்திருந்து, விண்ணப்பிக்க வேண்டும். தன்னார்வலர்களைக் கொண்ட ஒரு குழு அதைப் பரிசீலிக்கிறது. ஒப்படைப்பதற்கு முன் கருவியின் கோப்புறையில் பழையவரின் தனிப்பட்ட கடவுச்சொற்கள், சாவிகள் கிடக்கின்றனவா என்று பார்க்கிறது. இந்தக் கடைசிப் படியை நான் மிகவும் மதிக்கிறேன். போனவருக்கும் மரியாதை, வருபவருக்கும் பாதுகாப்பு.

சரி, வீடு ஒழுங்காக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளை எப்படி அழைப்பது?

பொதுவாக எழுதப்படும் வேண்டுகோளில் 'உதவி தேவை, ஆர்வமுள்ளவர்கள் வரலாம்' என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. படிப்பவருக்கு இதிலிருந்து எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கேட்கிறார்களா, அல்லது ஐந்து ஆண்டுகளுக்கான முழுப் பொறுப்பையா? தெரியாத சுமைக்கு எவரும் தோள் கொடுப்பதில்லை. இதில் டெபியன் இயங்குதளத்தின் சமூகம் வைத்திருக்கும் வழக்கம் கற்றுக்கொள்ளத் தக்கது. அங்கே ஒரு மென்பொருள் பொதியின் பராமரிப்பாளர் தன் நிலையைச் சில தெளிவான வகைகளில் ஒன்றாக அறிவிக்கலாம். 'நான் இருக்கிறேன், கூட ஒரு கை வேண்டும்' என்பது ஒரு வகை. 'நான் போக விரும்புகிறேன், ஆள் கிடைக்கும் வரை பார்த்துக்கொள்கிறேன், யாராவது தத்தெடுங்கள்' என்பது இன்னொன்று. 'நான் விட்டுவிட்டேன், இது இப்போது அநாதை' என்பது மூன்றாவது. ஏற்க நினைப்பவரும் தன் எண்ணத்தை அதே இடத்தில் பதிவு செய்கிறார். சொல்லாமல் மறைந்துபோன பராமரிப்பாளர்களைத் தேடித் தொடர்புகொள்ளவே ஒரு குழு இருக்கிறது.

இந்த வகைப்பாட்டின் பெரிய நன்மை, விலகுவதை அது வெட்கமில்லாத காரியமாக ஆக்குவது. தன்னார்வலர்கள் பெரும்பாலும் 'இனி முடியாது' என்று சொல்லக் கூசுகிறார்கள். அடுத்த மாதம் பார்த்துவிடலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்த அடுத்த மாதம் இரண்டு ஆண்டுகளாகிறது. தத்தெடுக்க அழைக்கும் ஒரு மரியாதையான வழி கண்ணெதிரே இருந்தால், கை தளர்வதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார்.

வந்தவரைத் தக்கவைப்பது இன்னொரு பாடு. புதியவர் அனுப்பும் முதல் திருத்தம் பெரும்பாலும் சிறியதாக இருக்கும்: ஓர் எழுத்துப் பிழை, உடைந்த ஓர் இணைப்பு. அதற்கு இரண்டு நாளில் 'நன்றி, சேர்த்துவிட்டேன்' என்று பதில் வந்தால் அவர் இரண்டாவதை அனுப்புவார். மூன்று மாதம் பதில் இல்லையென்றால் வேறு வேலைக்குப் போய்விடுவார், அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. தன் கணினியில் கருவியை ஓட்டிப் பார்ப்பதற்கே ஒரு வார இறுதி முழுவதும் செலவாகிறது என்றால் அந்தக் கருவிக்கு இரண்டாவது ஆள் கிடைக்க மாட்டார். எப்படி நிறுவுவது, எப்படிச் சோதிப்பது, எப்படிச் சர்வரில் ஏற்றுவது என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வைப்பது, எந்தப் புது வசதியைச் சேர்ப்பதையும்விட அவசரமானது. எழுதியவருக்கு அது அலுப்பான வேலைதான். தலைக்குள் இருப்பதைத் தாளில் இறக்காமல் எவருக்கும் அதை ஒப்படைக்க முடியாது.

ஒரே மனிதரின் தலைக்குள் எவ்வளவு இருக்கக்கூடும் என்பதற்கு மாக்னஸ் மான்ஸ்கேயை நினைத்துப் பார்க்கலாம். விக்கிப்பீடியாவின் தொடக்கக் கால மென்பொருளை எழுதியவர் அவர். பகுப்புகளில் தேடும் பெட்ஸ்கேன், விக்கித்தரவில் மொத்தமாகப் பதிவுசெய்யும் குவிக்ஸ்டேட்மெண்ட்ஸ் என்று பல மொழி விக்கியர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் கருவிகளும் அவர் கையிலிருந்து வந்தவை. அந்தக் கொடைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அந்த நன்றியோடேயே கேட்க வேண்டிய கேள்வி, இத்தனை பேரின் அன்றாட வேலை எத்தனை தோள்களில் நிற்கிறது என்பது. கேள்வி பயன்படுத்தும் நம்மை நோக்கியது, அவரை நோக்கியது அல்ல.

ஆள் சேர்ப்பதில் எதிர்ப்பக்கத்து ஆபத்து ஒன்றும் உண்டு. உதவ வருகிறேன் என்பவர் எல்லோரும் உதவ வருபவர் அல்லர். 2018இல் ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்கள் பரவலாகப் பயன்படுத்திய ஈவெண்ட்-ஸ்ட்ரீம் என்ற நிரல் தொகுப்பில் அது நடந்தது. எழுதியவருக்கு அதில் ஆர்வம் போய்ப் பல காலமாகியிருந்தது. முன்பின் அறியாத ஒருவர் பராமரிக்க முன்வந்தார். இவரும் ஒப்படைத்தார். வந்தவர் அதற்குள் பிட்காயின் பணப்பை ஒன்றைக் குறிவைத்துத் திருட்டு நிரலைச் சேர்த்தார்.

2024இல் வெளிப்பட்ட எக்ஸ்-இசட் விவகாரம் இதைவிடப் பொறுமையாகத் திட்டமிடப்பட்டது. கோப்புகளைச் சுருக்கும் அந்த மென்பொருள் லினக்ஸ் கணினிகளில் எங்கும் இருப்பது. அதைப் பல ஆண்டுகளாக ஒருவர் தனியாகவே கவனித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் சின்னச் சின்னத் திருத்தங்களை அனுப்பினார். திருத்தங்கள் நன்றாகவே இருந்தன. 2022இல் வேறு சில பெயர்களில் வந்தவர்கள், வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொரு பராமரிப்பாளரைச் சேர்க்கக் கூடாதா என்று நெருக்கினார்கள். களைத்திருந்த அந்த மனிதர் ஜியா டானுக்குப் பொறுப்பைப் பகிர்ந்தார். 2024 தொடக்கத்தில் வெளியான இரண்டு பதிப்புகளில் கணினிக்குள் அத்துமீறி நுழைய வழிதரும் பின்கதவு ஒன்று ஒளிந்திருந்தது. தன் கணினியில் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் அதைக் கண்டுபிடித்தார். பெரும்பாலான சர்வர்களுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேர்வதற்குள் தடுக்க முடிந்தது.

இதைக் கேட்டுக் கதவை மூடிக்கொள்ளத் தோன்றும். நான் எடுத்துக்கொள்ளும் பொருள் வேறு. அந்த இரண்டு இடங்களிலும் சிக்கலின் வேர், களைத்துப்போன ஒற்றை மனிதர். அவருக்குப் பக்கத்தில் மூன்று பேர் இருந்திருந்தால் புதியவரின் ஒவ்வொரு திருத்தத்தையும் இன்னொரு கண் பார்த்திருக்கும், நெருக்குதலுக்கும் பதில் சொல்ல ஆளிருந்திருக்கும். பொதுச் சர்வரில் இது இன்னும் முக்கியம். பல கருவிகள் பயனரின் அனுமதியைப் பெற்று அவர் பெயரிலேயே விக்கியில் திருத்தம் செய்கின்றன. அந்தச் சாவிகள் தவறான கையில் சேர்ந்தால் ஆயிரம் பேர் பெயரில் சேதம் நடக்கலாம். ஆகவே உரிமையைப் படிப்படியாகத் தர வேண்டும். முதலில் பிழைகளைச் சரிபார்ப்பது, பிறகு திருத்தம் அனுப்புவது, பிறகு மற்றவர் திருத்தத்தைப் பார்த்துச் சொல்வது, கடைசியாகத்தான் சர்வரின் சாவி. சமூகத்தில் பல ஆண்டுகள் கட்டுரை எழுதி, படம் ஏற்றி, உரையாடலில் பங்கெடுத்து வந்தவர் நிரலில் கொஞ்சம் பின்தங்கியிருந்தாலும், முகமறியாத திறமைசாலியைவிட நல்ல தேர்வு என்பது என் துணிபு. நிரல் கற்றுக்கொள்ளக்கூடியது.

மாணவர்களுக்கும் புதியவர்களுக்குமான குறுகிய காலத் திட்டங்கள் வழியாக ஆள் வருவார்கள் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. கூகுள் சம்மர் ஆஃப் கோடு, அவுட்ரீச்சி ஆகியவற்றில் விக்கிமீடியா பல ஆண்டுகளாகப் பங்கேற்கிறது. நல்ல நிரல்கள் வந்திருக்கின்றன. ஆனால் அவை சில மாதத் திட்டங்கள், புதிதாக ஒன்றைக் கட்டி முடிப்பதற்கு ஏற்றவை. கட்டியதைப் பத்து ஆண்டுகள் துடைத்து வைப்பதற்கு அவற்றை நம்ப முடியாது. முடிந்த பிறகும் தங்கும் சிலர் பெரும்பாலும் யாரோ ஒரு மூத்தவரோடு ஏற்பட்ட நட்பால் தங்குகிறார்கள்.

நிரல் எழுதத் தெரியாதவர்களை இந்தப் பேச்சில் நாம் மறந்தேபோகிறோம். ஒரு கருவியின் பராமரிப்பில் பாதிக்கு மேல் நிரல் இல்லாத வேலை. ஒரே பழுதைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். அவற்றைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். எப்போது, எந்த மொழியில், எந்தப் பக்கத்தில் நடந்தது என்று கேட்டு வாங்க வேண்டும். பயன்பாட்டுக் குறிப்பை எழுத வேண்டும், இடைமுகச் சொற்களை மொழிபெயர்க்க வேண்டும். இந்த வேலைகளைச் செய்பவரையும் பராமரிப்பாளர் பட்டியலில் பெயர் போட்டு மதிக்கும் கருவிகள் நீடித்து வாழ்கின்றன.

தமிழருக்கு இதில் நேரடியான பங்கு இருக்கிறது. கருவிகளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் சிந்திப்பவர்கள். 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியைக் கணினியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். இதைச் சமன்செய்யாத தேடல் கருவி ஒன்றைக் கண்டுபிடிக்கும், மற்றதை இல்லை என்று சொல்லும். இந்தப் பழுது எழுதியவர் கண்ணில் என்றைக்கும் படாது. அகரவரிசையில் கிரந்த எழுத்துகள் எங்கே நிற்க வேண்டும், வரி முடிவில் எழுத்தை எங்கே உடைக்கக் கூடாது என்பவையும் அப்படியே. தமிழ் தெரிந்த ஒருவர் அந்தக் கருவியின் பக்கத்தில் நின்றால்தான் இவை தெரியவரும்.

நம்மிடையே தேவை பார்த்து எழுந்த முயற்சிகளும் உண்டு. தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றப்பட்ட நூல்களை எழுத்தாக்க வழி தேடியபோது, த. சீனிவாசன் 2015இல் ஒரு பைத்தான் நிரலை எழுதினார். புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கூகுளின் எழுத்துணரிக்கு அனுப்பி, வந்த உரையை விக்கிமூலத்தில் அந்தந்தப் பக்கத்தில் சேர்க்கும் நிரல் அது. கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டதால் மற்ற இந்திய மொழிக்காரர்களும் எடுத்துப் பயன்படுத்த முடிந்தது.

டூல்ஃபோர்ஜில் எந்தக் கருவிக்கு யார் பராமரிப்பாளர் என்பது பொதுப் பட்டியலாகவே இருக்கிறது. நீங்கள் நாள்தோறும் திறக்கும் கருவியை அதில் தேடிப் பாருங்கள். ஒரே ஒரு பெயர் இருந்தால், அவருக்கு எழுதுவதற்கு ஒரு காரணமும் கையில் இருக்கிறது. எழுத்தெண்ணிக்கை காட்டும் கருவியாக இருந்தால் அதில் 'தமிழ்' என்ற சொல்லை இட்டுப் பாருங்கள். மூன்று என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஐந்து என்று சொன்னால், புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது என்று பொருள். எந்தப் பக்கத்தில், என்ன இட்டீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று நான்கு வரி எழுதி, இன்னும் சில சொற்களைச் சோதித்துத் தரட்டுமா என்று கேட்டு அனுப்புங்கள்.